மோரின் மேல் விழுந்த பழி

தனபாக்கியம் அண்ணி தயிர்ச் சட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தேதான் வைத்தார். வைத்த கையோடு ஏணியையும் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

நான் தறிக்குழிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தேன். வலது கால் தலையணைமேல் இருந்தது. பாதம் வீங்கி, கட்டுக்குள்ளே விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. நல்ல கால் இருந்தாலே அந்தப் பரண் எனக்கு எட்டாது. இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே எட்டுவது?

"அண்ணி, சட்டிய எறக்குங்க" என்றேன்.

"எறக்க மாட்டேன். புண்ணு ஆறட்டும். அப்பறம் சட்டியோட தூக்கிக் குடி."

"டாக்டரே சாப்பிடச் சொல்லிக்கீறாரு."

"அவுருக்கு இன்னா, சொல்லிட்டுப் பூடுவாரு. சீழ் வெச்சா கால் யாருக்குப் போவும்? அவுருக்கா, ஒனக்கா?"

அண்ணி என் கணவரின் அக்கா. கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவரை இழந்து, ஆரணியில் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவர். சமையலறை அவர் ஆட்சி. தறி இரண்டும் எங்கள் ஆட்சி. ஒன்றில் என் வீட்டுக்காரர், இன்னொன்றில் நான். பெண்பிள்ளை தறிக்குழியில் இறங்கலாமா என்று கேட்டவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இந்தத் தொடரில் போன வாரமே எழுதிவிட்டேன். திரும்ப எழுதி அவர்களுக்கு மரியாதை சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

எழுபதுகளில் ஒரு பங்குனியோ சித்திரையோ. வெயில் ஏறிய மாதம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பாதி வேலை காலில்

தறி நெய்வதைக் கைவேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் குழியில் இறங்கிப் பார்க்கட்டும். பாதி வேலை காலில்தான். மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்தால்தான் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் பிரிந்து வழிவிடும், குறுக்கு நூலோடு நாடா ஓடும். கால் இல்லாதவளுக்குத் தறி இல்லை.

அந்த மிதிகட்டையில் கிளம்பியிருந்த ஒரு துருப்பிடித்த ஆணி என் உள்ளங்காலில் ஏறிவிட்டது. மஞ்சளை இழைத்து எண்ணெயில் குழைத்துக் கட்டிக்கொண்டு, பெரிய கெட்டிக்காரி மாதிரி நெய்துகொண்டே இருந்தேன். முகூர்த்தச் சேலை, பாதியில் நின்றது. அதை விட மனசில்லை. கால் வீங்கியது, காய்ச்சல் வந்தது, கணுக்காலுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு ஏறத் தொடங்கியது.

மார்க்கெட் பக்கம் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். வெளியூர்க்காரர், சின்ன வயசு, தடித்த கண்ணாடி. உள்ளே போனபோது கலகலவென்று பேசியவர், அந்தக் கோட்டைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். காலைக் கீறிச் சீழை எடுத்து, ஊசி போட்டு, மஞ்சளும் சிவப்புமாகக் கேப்சூல்கள் கொடுத்தார்.

"ஒரு வேளைகூட விடக் கூடாதும்மா. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நடுவுல நிறுத்தினா இந்தக் கோடு முழங்காலத் தாண்டும். அப்பறம் வேலூருக்குத்தான் அனுப்பணும். அங்க கால முழுசாத் திருப்பிக் குடுப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது."

இதற்குமேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பாவுக்கு அடியில்

கேப்சூல் காய்ச்சலை இறக்கியது. கூடவே வயிற்றையும் இறக்கிவிட்டது.

இன்றைய வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஆண்கள் நினைத்த நேரத்துக்கு ஆற்றோரம் போய் வருவார்கள். பெண்கள் விடியுமுன் போக வேண்டும், தவறினால் இருட்டிய பிறகு. நடுவில் வயிறு கூப்பிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியுமா?

ஒருநாள் காலை, வெயில் நன்றாக ஏறிவிட்டது. தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டி, ஆண்கள் அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்குப் போக எதிர்ப்பக்கம் செல்வதென்றால் பாவு முடிகிற இடம்வரை நடந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாவை யாரும் தாண்டக் கூடாது. அது எங்கள் தெருவின் கட்டுப்பாடு. எனக்கோ ஒரு கையில் கழி, ஒரு கையில் சொம்பு. சுற்றிப் போகிற அளவுக்கு என் வயிறு அவகாசம் தரவில்லை. குனிந்து, பாவுக்கு அடியில் புகுந்தேன்.

"யம்மே! யம்மே! இன்னா பண்ற நீ?" என்று ஒரு பெரியவர் அலறினார்.

"தாண்டலீங்க, அடியில பூந்துகினு போறேன். பாவு பத்திரமாத்தான் கீது. என் வயிறுதான் பத்திரமா இல்ல!"

ஒருவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இழையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் நிமிர்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தால் வந்ததல்ல, ஆத்திரத்தால் வந்தது. பட்டு இழைக்குத் தெருவே ஒதுங்கி வழிவிடுகிறது. அதை நெய்கிறவள் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டுமா? அந்த வருஷம் முடிவதற்குள் எங்கள் கொல்லையில் கக்கூஸ் கட்டவைத்தேன். அது தனிச் சண்டை, அதற்குத் தனி அத்தியாயம் உண்டு.

வீட்டுக்குள் நொண்டிக்கொண்டு வந்தால் தீர்ப்பு தயாராக இருந்தது.

"மாத்திரை சூடு. கொடல வேக வெச்சிடும். நிறுத்திடு" என்றார் அண்ணி.

"கொஞ்சம் நிறுத்திப் பாக்கலாமே, கஸ்தூரி" என்றார் என் வீட்டுக்காரர். யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர்.

"நிறுத்துறேன். அப்பறம் கால் போனா, என் தறியையும் சேத்து நீங்களே மிதிச்சிக்கினு இருங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். கூட்டத்துக்கு நடுவே டாக்டர் இரண்டே வார்த்தை சொல்லி அனுப்பினாராம். மாத்திரையை நிறுத்தாதே, தயிர் சேர்த்துக்கொள்.

அதைக் கேட்டுத்தான் சட்டி பரண் ஏறியது.

வெள்ளை ஆகாது

எங்கள் பக்கத்தில் புண் என்று வந்துவிட்டால் பத்தியம் கடுமையாக இருக்கும். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, தேங்காய் ஆகாது. தயிரும் மோரும் ஆகவே ஆகாது. தயிர் சேர்ந்தால் சீழ் சேரும் என்பார்கள். மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான் கதி. வயிறு ஏற்கெனவே கொல்லனுலையாக எரிகிறவளுக்கு மூன்று வேளையும் மிளகு ரசம் ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"தயிர் எப்பிடி சீழாவும் அண்ணி?"

"ரெண்டும் வெள்ளையா கீது, பாக்கல?"

"சோறுகூடத்தான் வெள்ளையா கீது. அத இன்னாத்துக்குப் போடுறீங்க?"

அண்ணி கரண்டியை ரசத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வாயடைத்துப் போனார் என்று நான் ஜம்பமாக நினைத்துக்கொண்டேன். அவர் வாயை அடைத்தது வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் தயிரும் மோரும் வாயில் வைப்பதில்லை என்று மட்டும் தெரியும். கணவரை இழந்தவர்கள் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவது வழக்கம்தானே என்று நானும் கேட்டதில்லை.

பரண் எட்டாவிட்டால் என்ன, வாசல் எட்டும். மறுநாள் காலை கூடையோடு தெருவில் போன தயிர்க்காரம்மாவை உரக்கக் கூப்பிட்டேன்.

"தயிரா? ஒனக்கா? கால்ல கட்டு கீதே!" என்று அந்தம்மாள் தயங்கினார்.

"கட்டு கால்ல கீது, வாயில இல்ல. ஊத்துங்க."

எதிர்வீட்டு ராஜம்மா வாசல் பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று பாத்திரத்தை உயர்த்திப் பிடித்தேன்.

அனுபானம்

இவ்வளவு வாய் பேசியவள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

நாட்டு மருந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எந்தச் சூரணத்தையும் வெறுமனே விழுங்க மாட்டோம். சளிக்கு என்றால் தேனில் குழைத்து, சூட்டுக்கு என்றால் மோரில் கலக்கி, பித்தத்துக்கு என்றால் இஞ்சிச் சாற்றில் விட்டுத்தான் கொடுப்பார்கள். மருந்தைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்கிற அந்தத் துணைக்கு அனுபானம் என்று பெயர். டாக்டர் கேப்சூலோடு தயிரும் சொல்லியிருக்கிறார் என்றால் அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? மோர்தான் கேப்சூலுக்கு அனுபானம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

கேப்சூலின் கூட்டின் மேலும் எனக்கு நம்பிக்கையில்லை. பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. திருகித் திறந்து உள்ளே இருந்த மஞ்சள் தூளை மோரில் கொட்டி, விரலால் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். வேப்பங்காயைவிடக் கசப்பு. கசந்தால்தானே மருந்து!

வயிறு மெல்ல அடங்கியது. பகலில் சொம்பைத் தேடுகிற வேலை குறைந்தது. நான் வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தயிர் மகிமை பேசினேன்.

பிறகு ஒரு மத்தியானம் உடம்பு மறுபடியும் சுட்டது. கட்டைப் பிரித்தால் வாடை அடித்தது. கணுக்காலில் மங்கிப்போயிருந்த கோடு திரும்பவும் சிவந்திருந்தது.

அண்ணி பார்த்தார். 'நான்தான் சொன்னேனே' என்று கத்துவார் என எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவுருக்கும் இப்பிடித்தாம்மே" என்றார்.

அண்ணியின் கணவருக்கு முதுகில் பிளவைக் கட்டி வந்ததாம். சர்க்கரை வியாதிக்காரர். வைத்தியர் பத்தியம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கோடைக்காலம், நாக்கு வறண்டு, தனபாக்கியம் ஒரு வாய் மோர் குடேன், ஒரு வாய்தான் என்று அவர் கெஞ்சியிருக்கிறார். மனசு கேட்காமல் இவர் கொடுத்திருக்கிறார். அதன்பிறகு புண் முற்றி அவர் போய்விட்டார். சாவு வீட்டில், பிணம் எடுக்குமுன்னாலேயே சொந்தக்காரர்கள் பேசிவிட்டார்கள், மோரைக் குடுத்துப் புருசனக் கொன்னுட்டா என்று. அந்தப் பேச்சு கலசப்பாக்கத்தோடு நிற்கவில்லை. பஸ் ஏறி ஆரணிக்கும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

"ஒன் காலும் பூட்டா, இந்தக் கையி இன்னும் எத்தினி பேர வாங்குமோ" என்று தன் கையைப் பார்த்தார் அண்ணி.

தயிரை வாங்கியதும் நான், குடித்ததும் நான். அவர் எங்கே வந்தார் இதில்? எனக்கு வந்த கோபம் அண்ணிமேல் இல்லை. அப்படி ஒரு பழியைப் போட்டு, ஒரு பெண்ணை இத்தனை வருஷம் அதைச் சுமக்கவிட்டவர்கள்மேல்.

அண்ணியின் கேள்வி

ரிக்‌ஷாவில் போனோம். அண்ணியும் ஏறிக்கொண்டார்.

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "மாத்திரைய நிறுத்திட்டியாம்மா?" என்றார்.

"ஒரு வேளைகூட விடலீங்க."

"எப்படிச் சாப்பிட்ட?"

"நீங்க சொன்னாப்பல, மோர்ல கலக்கி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இந்த மருந்துக்குப் பாலும் மோரும் கூடவே போகக் கூடாதும்மா. அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து மருந்தப் புடிச்சு வெச்சுக்கும். ரத்தத்துக்கு அனுப்பாது. நீ மருந்து சாப்பிட்டும் சாப்பிடாத மாதிரிதான். நானும் தெளிவாச் சொல்லி அனுப்பியிருக்கணும்."

"அப்பறம் இன்னாத்துக்குத் தயிர் சாப்பிடச் சொன்னீங்க?"

"வயித்துல நமக்கு ஒத்தாசையா நெறைய கிருமி இருக்கு. இந்த மருந்து நல்லது கெட்டது பாக்காது. களை எடுக்க வந்தவன் நாத்தையும் சேத்துப் புடுங்கினா வயல் என்ன ஆகும்? அதான் உன் வயிறு. தயிர்ல இருக்கிறதும் நல்ல கிருமிதான். எல்லார் வயித்துலயும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பலபேருக்குக் கேக்குது. மருந்தத் தண்ணியில முழுங்கு. தயிர வேற நேரத்துல, நல்லா எடைவெளி விட்டுச் சாப்பிடு."

மறுபடியும் காலைக் கீறினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை மூலையில் நின்றிருந்த அண்ணி வாயைத் திறந்தார்.

"மாத்திரையே சாப்பிடாதவங்களுக்கு? புண்ணு மட்டும் கீது, மோர் குடுத்துட்டாங்கனா?"

"மோரால சீழ் பிடிக்காதும்மா. புண்ணுக்கும் மோருக்கும் சம்பந்தமே இல்ல."

"சத்தியமா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். என்ன புரிந்ததோ, "சத்தியமா" என்றார்.

அண்ணி நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். என் கால் சொல்ல வேண்டும்.

சங்கு ஊதும் நேரம்

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கொல்லைக்குப் போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரே ஏறிச் சட்டியை இறக்கினார்.

ரைஸ் மில்லில் காலைச் சங்கு ஊதினால் எனக்குக் கேப்சூல், கூட்டோடு, வெறும் தண்ணீரில். மத்தியானச் சங்குக்கு அப்புறம்தான் தயிர்ச்சோறு. இருட்டியபின் மறுபடி கேப்சூல். அந்த வீட்டில் கடிகாரம் இல்லாத குறையை மில்காரர் தீர்த்துவைத்தார்.

கட்டு மாற்றும்போதெல்லாம் அண்ணி வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார். தொட மாட்டார், பேச மாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். கால் என்னுடையது. ஆனால் எனக்கு இருந்த பயத்தைவிட அவர் பயம் பெரிது. இந்தக் காலில் சீழ் பிடித்தால் ஊர் சொன்னது உண்மை, ஆறினால் ஊர் சொன்னது பொய். எனக்கும் அது புரிந்துவிட்டது. அதன்பிறகு நான் சாப்பிட்ட தயிர்ச்சோற்றில் பாதி என் வயிற்றுக்கு, பாதி அவருக்காக. பிடிக்காத நாளில்கூட விடவில்லை. வாசலில் உட்கார்ந்து, ராஜம்மா பார்க்கப் பார்க்க வழித்துச் சாப்பிட்டேன்.

"ஆறாது பாரு" என்று ராஜம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. நான் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

இதை எழுதும்போது எண்பதுகளில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்து சிரிப்பு மூட்டுகிறது. அண்ணிக்கு நெஞ்சுச்சளி கட்டி, வேறொரு டாக்டர் கேப்சூல் எழுதினார். மருந்துக்கடைப் பையன் அதோடு இன்னொரு அட்டையும் எடுத்து வைத்தான். "வயிறு கெடாம இருக்க, பெரியம்மா. உள்ள தயிர்க் கிருமி கீது" என்றான். அண்ணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சட்டியில கீறத அட்டையில அடச்சு வெச்சுக்கீறானுங்களா? எங்க வூட்ல பரண் மேலயே இருந்துச்சுடா" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்படிச் சிமிட்டத் தெரிந்த பெண்மணிதான் அவர். எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அது எங்கே போயிருந்தது என்று அப்போதுதான் யோசித்தேன்.

சரி, காலுக்கு வருகிறேன்.

ஒரு சொம்பு

காய்ச்சல் போனது. வாடை நின்றது. கோடு வந்த வழியே இறங்கி மறைந்தது. புண்ணின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் படர்ந்தது. ஒருநாள் கட்டைப் பிரித்தபோது துணியில் ஒன்றுமே ஒட்டவில்லை. அண்ணி அந்தத் துணியை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். மடித்துக் கீழே வைத்தார்.

அதற்கு அடுத்த வாரம் நான் தறிக்குழியில் இறங்கினேன். முதலில் இடது காலை வைத்தேன். பிறகு வலது. மிதித்தேன். வலித்தது, ஆனால் மிதிகட்டை இறங்கியது. பாவு பிரிந்தது. நாடா ஓடிய சத்தம் கேட்டதும் பக்கத்துத் தறியில் என் வீட்டுக்காரர் தன் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

சமையலறையில் மத்துச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணி ஒரு சொம்போடு வெளியே வந்தார். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

தெருவில் அன்றைக்கும் பாவு நீட்டியிருந்தார்கள். ஆண்கள் இருந்தார்கள், எதிர்வாசலில் ராஜம்மா இருந்தார். அண்ணி நடுவாசலில் நின்று, சொம்பைத் தூக்கி, மடக்கு மடக்கென்று குடித்தார். கழுத்தெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னா தனபாக்கியம், மோரா?" என்றார் ராஜம்மா.

"மோர்தான்" என்றார் அண்ணி. தெருக்கோடிவரை கேட்கிற குரல். "என் புருசன் கடைசியா என்னாண்ட கேட்டது. ஆசையா குடிச்சாரு. குடுத்தேன். நல்லா கேட்டுக்குங்க, குடுத்தேன்."

பாவின் மேல் இருந்த கைகள் நின்றன.

அண்ணி உள்ளே வந்தார். சொம்பின் அடியில் மிச்சம் இருந்த மோரை என்னிடம் நீட்டினார்.

"கேப்சூல் போட்டு ரொம்ப நேரம் ஆச்சில்ல? அப்ப குடி" என்றார்.